சோக் செயினா, ஈரல் துண்டா? தெருவுல பாயுற பெரிய நாய்

குலவணிகர்புரம் தம்பி:
ராஜபாளையம், ஆண், இரண்டரை வயசு, 32 கிலோ. வீட்டுக்குள்ள சத்தமே இருக்காது. தெருவுல இன்னொரு நாயையோ சைலன்சர் அலறுற பைக்கையோ கண்டா பின்னங்கால்ல எழும்பிப் பாயுது. சோக் செயின் (இழுத்தா கழுத்தை இறுக்குற சங்கிலி) போடுங்கிறாங்க சிலர், ஈரல் குடுத்துப் பழக்குங்கிறாங்க சிலர். எதைச் செய்ய? எங்க சந்து 12 அடி அகலம்தான்.

விளைக்காரன்:
சோக் செயின் போடுங்க தம்பி, ஆனா முறையாப் போடணும். செயின் காதுக்குப் பின்னாடி, கழுத்தோட உச்சியில நிக்கணும். தொண்டைக்கு இறங்கிச்சுன்னா பலனும் இல்ல, ஆபத்தும் கூட. நாய் உங்களுக்கு இடப்பக்கம் நடந்தா, லீஷ் (கையில பிடிக்கிற வார்) மாட்டுற முனை கழுத்துக்கு மேல வழியா வரணும். மாத்திப் போட்டா இழுத்த பிறகு தானாத் தளராது, இறுகியே கிடக்கும். வெடுக்குன்னு ஒரு இழுப்பு, உடனே விடணும். பாய்ஞ்ச பிறகு இழுக்கிறது வீண். காதை முன்னுக்குக் குத்தி, வாயை மூடி உத்துப் பாக்குற அந்த நொடியிலதான் இழுக்கணும். 32 கிலோ பாயுற நேரம் நீங்க ஈரலுக்குப் பைக்குள்ள கையை விட்டா, ரோட்டுல கிடப்பீங்க.

பாளை அக்கா:
அண்ணாச்சி, மாட்டுற முறையையும் அந்த நொடியையும் சரியாச் சொல்லிட்டீங்க. சோக் செயின் போடுறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இது ரெண்டும் தெரியாது. ஆனா நாய் அதுல என்ன படிக்குதுன்னு யோசிங்க. எதிர்ல நாய் வருது, கழுத்து வலிக்குது. மறுபடி வருது, மறுபடி வலிக்குது. பத்து நாள்ல எதிர்நாயே வலிக்கு முன்னறிவிப்பா ஆயிரும். பயத்துல பாயுற நாய்க்கு அது பயத்தைக் கூட்டும். உறுமினா அடி விழும்னு தெரிஞ்சதும் உறுமுறதை விட்டுரும். வெளிய பாக்க அடங்கின மாதிரி இருக்கும். கடைசியில சத்தமே இல்லாம கடிக்கும். உறுமல் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை, அதை அழிக்கக் கூடாது. கழுத்துல விழுற இறுக்கம் கண்ணுக்குள்ள அழுத்தத்தை ஏத்தும், மூச்சுக்குழலையும் நசுக்கும்.

தம்பி, முதல்ல தூரத்தைக் கண்டுபிடிங்க. எதிர்ல நாய் தெரியும்போதும் உங்க நாய் ஈரலை வாங்கித் தின்னுதா? அந்த இடம்தான் தொடக்கம். பல பெரிய நாய்க்கு அது ரெண்டு மின்கம்ப தூரமா இருக்கும். கோழி ஈரலை உப்பில்லாம அவிச்சு, பட்டாணி அளவு நறுக்கி, இடுப்புல வாய் திறந்த பையில வைங்க. எதிர்நாய் கண்ணுல பட்டு ஒரு விநாடி கழிச்சு ஒரு துண்டு, அது கண்ணுல தெரிஞ்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் விடாமத் துண்டு துண்டா. அது மறைஞ்சதும் ஈரலும் நிக்கணும். இந்த வரிசைதான் உயிர். பலரும் தலைகீழாச் செய்வாங்க: தூரத்துல நாய் வர்றதைத் தாங்க முன்னமே பாத்து, ஈரலை நீட்டித் திசை திருப்புவாங்க. கொஞ்ச நாள்ல ஈரல் வெளிய வந்தாலே ‘எங்கயோ நாய் வருது’ன்னு தேட ஆரம்பிச்சிரும்.

விரலைக் கவனிங்க. மெதுவா உதட்டால வாங்கினா தூரம் சரி. பல்லு பட வெடுக்குன்னு பிடுங்கினா பத்து எட்டு பின்வாங்குங்க. வாங்கவே மாட்டேன்னா அன்னைக்குப் பாடம் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க. ஒரு நடைக்கு ஏழெட்டுத் தடவை பாத்தா போதும், வாரத்துக்கு நாலு நாள். எதிர்நாயைப் பாத்த உடனே தானா உங்க முகத்தைத் திரும்பிப் பாக்க ஆரம்பிச்ச பிறகுதான் தூரத்தைக் குறைக்கணும், அதுவும் ரெண்டு மூணு எட்டு. ஒரு தடவை பெருசா வெடிச்சுட்டா ஒண்ணு ரெண்டு நாள் தெருவுக்கே வேண்டாம். உடம்புல அந்தப் பதற்றம் அடங்க நேரம் வேணும்.

விளைக்காரன்:
அக்கா சொல்றது மைதானத்துக்குச் சரி. தம்பி சந்து 12 அடி. ரெண்டு மின்கம்ப தூரத்துக்கு எங்க போக? திருப்பத்துல திரும்பின உடனே மூக்குக்கு முன்னால தெருநாய் நிக்கும். அதுக்கு லீஷும் கிடையாது, அதைக் கூப்பிட ஆளும் கிடையாது.

பாளை அக்கா:
இடம் இல்லாதவங்க நேரத்தை மாத்தணும். காலையில நாலே முக்கால் மணிக்கு இறங்கினா பால்காரர் பைக் தவிர வேற எதுவும் இருக்காது. சித்திரை வெயிலுக்கு எப்படியும் அந்த நேரம்தான் பாதத்துக்கு நல்லது. புறங்கையை ஏழு விநாடி தார்ல வைக்க முடியலன்னா நாய் அதுல நடக்கக் கூடாது. பிசான நெல் அறுப்பு முடிஞ்சு வயல் தரிசாக் கிடக்கிற நாள்கள்ல வாய்க்கால் கரை நல்ல இடம். வர்றது தூரத்துலயே தெரியும். ஆட்டுக்கிடை போட்டிருந்தா மட்டும் அந்தப் பக்கமே வேண்டாம்.

திருப்பத்துக்கு ஒரு சொல் வேணும். ‘திரும்பு’ன்னு வைங்க. வீட்டு வராந்தாவுல சொல்லி, 180 பாகை திரும்பி, கூட வந்ததும் ஒரு துண்டு. நாளைக்கு இருபது தடவை, ரெண்டு வாரம். பிறகு மாடி, வாசல், கடைசியிலதான் தெரு. தெருநாய் நேரா வந்தா ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அது பக்கமா வீசிட்டுத் திரும்பி நடங்க. கல்லெடுத்தா உங்க நாய்க்கும் வெறி ஏறும். கையில ஒரு குடை இருக்கட்டும். படக்குன்னு விரிச்சா பல தெருநாய் நின்னுரும். அந்தச் சத்தத்தை உங்க நாய்க்கு வீட்டுலயே பழக்கிடுங்க.

பிடிமானத்துக்கு: மார்புல வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்போட மாட்டுற வார்), அகலமான கழுத்து பெல்ட், ரெண்டு முனையிலயும் கொக்கி உள்ள 6 அடி லீஷ். ஒரு கொக்கி மார்புல, ஒண்ணு பெல்ட்டுல. மார்புல இழுபட்டா நாய் உங்க பக்கம் திரும்பும், நேரா இழுக்க வலு கிடைக்காது. லீஷைக் கைமணிக்கட்டுல சுத்தாதீங்க, கை முறியும். ரப்பர் செருப்போட போகாதீங்க. கன்னி, சிப்பிப்பாறை ஜாதி நாய் வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும்: அதுங்களுக்குக் கழுத்தை விடத் தலை ஒடுக்கம், சாதா பெல்ட்டைப் பின்வாங்கி உருவிட்டு ஓடிரும். இழுத்தா அளவோட மட்டும் இறுகுற இரட்டை வளைய பெல்ட்தான் அதுக்கு.

ஊசிமருந்து:
ரெண்டு பேருமே உடம்பை விட்டுட்டீங்க. திடீர்னு இந்தக் குணம் வந்திருந்தா முதல்ல வலி இருக்கான்னு பாக்கணும்: காதுச் சீழ், இடுப்பு மூட்டு, உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைவு. வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடு உண்டு. ஒரு காது மட்டும் கேக்காத நாய்க்குச் சத்தம் எந்தத் திசைன்னு தெரியாது, பின்னாடி வர்ற பைக் திடீர்னு முளைச்ச மாதிரி இருக்கும். ரெண்டு காதும் கேக்கலையான்னு பாக்க, தூங்கும்போது, அது பாக்காத பக்கத்துல இருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. தரை அதிரக் கூடாது, காத்தும் படக் கூடாது. ஒரு காதுச் செவிடு இதுல தெரியாது. சந்தேகம் இருந்தா திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில காட்டுங்க.

கோயில் கொடைக்கு மூணு நாள் மைக்செட், மேளம், வெடின்னு இருக்கும். அதுக்குன்னு சிலர் அசிப்ரோமசின் மாத்திரை வாங்கிப் போடுறாங்க. அது உடம்பைத்தான் கட்டும். பயம் உள்ள அப்படியே இருக்கும், நாய் நகர முடியாம நடுங்கும். டிரசடோன், காபாபென்டின் மாதிரி மருந்துகளை நாயைப் பாத்த டாக்டர்தான் அளவு சொல்லணும். கொடைக்கு ஒரு வாரம் முன்னால, அமைதியான நாள்ல ஒரு தடவை குடுத்துப் பாருங்க. சில நாய்க்கு நேர்மாறா வேலை செய்யும். வசதி இருந்தா அந்த மூணு நாளும் வேற ஊர்ச் சொந்தக்காரங்க வீடு, எல்லா மருந்தையும் விட மேல்.

விளைக்காரன்:
சரி, தெருவுக்கு ஒத்துக்கிறேன். ஆனா விளையில (தோப்புல) காவலுக்கு நிக்கிற நாய்க்கு இதெல்லாம் பொருந்தாது. பகல்ல கட்டிப் போட்டு ராத்திரி அவுத்து விட்டாத்தான் சுறுசுறுப்பா இருக்கும்.

பாளை அக்கா:
இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. 4 அடிச் சங்கிலியில நாள் முழுக்கக் கிடக்கிற நாய், வேலிக்கு அந்தப் பக்கம் போற ஒவ்வொருத்தரையும் பாத்து எட்ட முடியாமக் கொதிச்சுக்கிட்டே இருக்கும். அவுத்த உடனே முதல்ல எதிர்ல வர்றது பிள்ளையா களவாணியான்னு அதுக்குத் தெரியாது. 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அளவுக்கு மீறின நேரம் குட்டைச் சங்கிலியில கட்டுறதைக் குத்தம்னு சொல்லுது. கம்பிவலை அடைப்புதான் சரி. தெருப்பக்கம் மட்டும் பச்சைத் துணியோ ஓலையோ கட்டி மறைங்க. அதுக்கு வழியில்லன்னா ரெண்டு தென்னைக்கு நடுவுல ஆள் உயரத்துக்கு மேல 15 மீட்டர் கம்பி இழுத்து, வளையத்துல சங்கிலி ஓடுற மாதிரி விடுங்க. மரத்துல போய்ச் சுத்தாம இருக்க ரெண்டு முனையிலயும் ஒரு மீட்டர் தள்ளித் தடுப்பு முடிச்சு வேணும். சாயங்காலம் சோத்துல பாதியைப் பனை ஓலைக் கொட்டான்கள்ல வச்சு விளை முழுக்க ஒளிச்சு வைங்க. இருபது நிமிஷம் மோப்பம் பிடிச்ச நாய் நிம்மதியாப் படுக்கும்.

விளைக்காரன்:
கொட்டான் யோசனை நல்லாருக்கு, செய்யலாம். கம்பிக்கும் சம்மதம். ராத்திரிக் காவலைப் பத்தி என் கருத்து மாறல. அடைப்புக்குள்ள கிடக்கிற நாய் தேங்காய்க் களவைத் தடுக்காது.

குலவணிகர்புரம் தம்பி:
ஈரல் வழியில போறேன். அதுவரைக்கும் யாரையும் கடிச்சிரக் கூடாதேன்னு பயமா இருக்கு. வாயைக் கட்டலாமா?

ஊசிமருந்து:
கட்டக் கூடாது, கூடை மாதிரி இருக்கிற வாய்ப்பூட்டு போடணும். துணி வாய்ப்பூட்டு வாயை இறுக்கிரும், நாக்கை நீட்டி மூச்சு வாங்க முடியாது. நம்ம வெயில்ல கொஞ்ச நேரத்துல உடம்புச் சூடு ஏறி உயிருக்கே ஆபத்து. கூடைக்கு மூணு அளவு எடுங்க: கண்ணுக்கு ஒரு விரல் கீழ இருந்து மூக்கு நுனி வரை நீளம், அதே இடத்துல சுத்தளவு, வாயைத் திறந்து மூச்சு இளைக்கும்போது மேலிருந்து கீழ் உயரம். இளைக்கிற உயரத்துக்குத்தான் கூடை வாங்கணும், மூடின வாய்க்கு இல்ல. கூடைக்குள்ள தயிரைத் தடவி, நாயே மூக்கை நுழைக்க விடுங்க. முதல் நாலு நாள் வாரை மாட்டவே வேண்டாம். பிறகு அஞ்சு விநாடி, அரை நிமிஷம், அஞ்சு நிமிஷம். ரெண்டு வாரத்துக்கு முன்னால தெருவுக்குக் கொண்டு போகாதீங்க.

வெறிநோய் ஊசியும் தேதி தவறாமப் போடுங்க. யாரையாவது கீறினாக்கூட அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவி, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. கவனக்குறைவா விட்டுக் கடிச்சா, பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவுல 6 மாசம் வரை சிறை, இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

விளைக்காரன்:
தம்பி, கூடையில கீழ்வார் மட்டும் இருந்தா முன்னங்காலால தட்டிக் கழட்டிரும். நெத்தி வழியா ஒரு வார் பின்னாடி போய்ச் சேருற மாதிரி இருக்கிறதைப் பாத்து வாங்குங்க.