அப்பாவை ‘அம்மா’ என்று கூப்பிடும் மகள்: எல்.கே.ஜி. சேர்க்கலாமா?

குற்றாலச் சாரல் கேட்கிறார்:

மகளுக்கு நான்கு வயது. பிறக்கும்போதே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் (வாயின் மேற்கூரையில் பிளவு) இருந்தன. நான்காம் மாதம் உதட்டையும், ஒரு வயது முடிந்ததும் அண்ணத்தையும் தைத்தார்கள். தலையைத் தூக்கிப் பிடித்துப் பாலாடையில் பால் புகட்ட, பாதி மூக்கு வழியாக வந்துவிடும். ஒரு வேளைக்கே ஒரு மணி நேரம் ஆகும். அந்த நாட்கள் போய்விட்டன. இப்போது முறுக்கைக்கூடக் கடித்துத் தின்கிறாள். தழும்பு நூலளவுதான். "இனி என்ன குறை?" என்கிறார் மாமியார். (கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதை மட்டும் அவர் மறக்கவில்லை.)

குறை பேச்சில் இருக்கிறது. ப, ட எல்லாம் மூக்கில் போய்விடுகின்றன. ‘பட்டம்’ என்றால் ‘மண்ணம்’ என்று கேட்கும். கணவரின் வண்டி வாசலில் நின்றதும் ‘அம்மா!’ என்று கத்திக்கொண்டு ஓடுவாள். ‘அப்பா’ என்றுதான் சொல்கிறாள். வீட்டில் இது சிரிப்பு. போன வாரம் பூங்காவில் ஒரு சிறுமி பெயர் கேட்டாள். இவள் மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவையும் "என்ன?" என்றதும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, நீயே சொல்லிவிடு என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து புது ஆட்களிடம் வாயே திறப்பதில்லை.

பேச்சு தெளிந்தபின், அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்கலாமா? பலூன் ஊதப் பழக்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

ஊதினால் பலூன் பெருக்கும், பேச்சு திருந்தாது. சிறு கண்ணாடியை மூக்கடியில் பிடித்து ‘பாப்பா’ சொல்லச் சொல்லுங்கள். ஆவி படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது. அண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணம் எழுந்து மூக்கு வழியைச் சரியாக அடைக்கவில்லை என்றால் பயிற்சி மட்டும் போதாது. சிலருக்கு இன்னோர் அறுவை வேண்டியிருக்கும். அறுவை செய்த குழுவிடமே காட்டுங்கள்.

அதற்கு முன் காது. நடுக்காதின் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தில்தான் இருக்கிறது. அது சரியாக வேலை செய்யாவிட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலிக்காது, சீழும் வராது; கேட்பது மட்டும் குறையும். டிவி சத்தத்தைக் கூட்டுகிறாளா என்று கவனியுங்கள்.

கடைசி பெஞ்ச்:

அக்கா, எனக்கும் இதே பிளவு. இப்போது வயது 31. பேச்சு தெளியட்டும் என்று என்னை ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்தார்கள். பேச்சு தெளியவில்லை, வகுப்பில் நான்தான் நெட்டையன் என்பது கூடுதலாகச் சேர்ந்தது. இந்த வருடமே சேருங்கள். ஆசிரியையிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: எல்லோர் முன்னிலையிலும் "திரும்பச் சொல்லு" என்று நிறுத்திவைக்க வேண்டாம். புரியாமலே புரிந்ததுபோல் தலையாட்டவும் வேண்டாம். குழந்தைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்; எனக்குத் தெரிந்தது. "கையால் காட்டு" என்றால் போதும்.

குற்றாலச் சாரல்:

கண்ணாடியில் ஆவி படிந்தது. அதில் விரலால் பூனை வரைந்துவிட்டு, மறுபடி ‘பாப்பா’ சொல்லட்டுமா என்று கேட்டாள். வியாழக்கிழமை காது மருத்துவரிடம் போகிறோம். எல்.கே.ஜி. விண்ணப்பத்தை நேற்றே வாங்கி வந்துவிட்டார், அவளுடைய இன்னோர் ‘அம்மா’.