சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட அக்கா: யோசனை சொல்லுங்கள்

ஸ்தோத்திரம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு அக்கா போன மார்ச்சில் கணவரை இழந்தார். வயது எழுபதுக்கு மேல். ஈஸ்டருக்கு அப்புறம் கூட்டத்துக்கும் வரவில்லை, சபைக்கும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை எங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது பார்க்கிறேன், "சுகம்தாம்மா" என்று நகர்ந்துவிடுகிறார்.

பாஸ்டர் வீட்டுக்குப் போய் ஜெபித்தார். தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறோம். நீல டிக் விழும், பதில் வராது. ஞாயிறு கார் அனுப்பினோம், தலைவலி என்றுவிட்டார். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில்.

பிரியாணி கொண்டுபோன அன்று மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் பழைய தமிழ் பைபிள், 88ஆம் சங்கீதம் திறந்திருந்தது, மேலே மூக்குக்கண்ணாடி. கடைசிவரை இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. விசுவாசம் போனவர் அதை எடுத்து வாசிக்கமாட்டார் என்றே நம்புகிறேன். பைபிளில் பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் 7 நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துதானே இருந்தார்கள்.

துக்கத்தில் இருப்பவரை "சபைக்கு வாங்க" என்று நெருக்காமல், வாராவாரம் என்ன செய்து நீங்கள் கூடவே இருந்தீர்கள்?