முதலில் மேசையை இறக்குங்கள்

அறுவை சிகிச்சை மருத்துவர்களின் கழுத்து வலி, தோள் வலி பற்றி இந்தக் குழுவில் பலரும் எழுதியிருந்தீர்கள். நான் தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட். குறுவை நடவு தொடங்கிவிட்டால் ஒரத்தநாடு, பாபநாசம் பக்கமிருந்து பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மருத்துவர்களும் வருகிறார்கள், ஆனால் வலியை முற்றவிட்டு, வேறு வழியில்லாமல்தான் வருகிறார்கள். அப்படி வந்த மூத்த லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் வழியே கேமராவும் நீளமான கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) மருத்துவர் ஒருவர், "பயிற்சி நடக்கும்போதே வந்து பாருங்களேன்" என்று அழைத்தார். போனேன்.

பயிற்சிக் கூடத்தில் வயிற்றுக்குப் பதில் மேசைமேல் ஒரு பெட்டி. உள்ளே கேமரா, எதிரே மானிட்டர். ஆறு சிறு ரப்பர் துண்டுகளை ஒரு கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே மறுகைக் கருவிக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளைகளில் மாட்ட வேண்டும். எல்லோர் கண்ணும் துண்டுகளின் மேலேயே இருக்கும். செய்கிறவரின் உடம்பை யாரும் பார்ப்பதில்லை.

அதனால் பக்கவாட்டில் ஒன்று, முன்னால் ஒன்று என இரண்டு கைபேசிகளை நிறுத்திப் படம் பிடித்தோம். காது, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் மென்பொருள் புள்ளி வைத்துக் கோணங்களைக் கணக்கிடுகிறது. அவற்றை, வேலை செய்யும்போது உடம்பு நிற்கும் விதத்துக்கு மதிப்பெண் போடும் ரூலா (RULA) அட்டவணையில் பொருத்தினோம். மெக்காட்டம்னியும் கார்லெட்டும் 1993இல் வெளியிட்ட முறை அது. மதிப்பெண் 1 முதல் 7 வரை, ஏற ஏற மோசம். 7 வந்தால் வேலை செய்யும் விதத்தை உடனே மாற்றியாக வேண்டும். தோளைத் தூக்கினால் மதிப்பெண் ஏறும், அசையாமல் நின்றாலும் ஏறும். நேரில் பார்க்கிறவர் ஒரு கணத்தைத்தான் குறித்துக்கொள்ள முடியும். அதே நிலையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை வீடியோதான் சொல்கிறது. தசை கெடுவது அந்த நேரத்தில்தான்.

உயரம் குறைந்த முதுகலை மாணவி ஒருவர் நன்றாகவே செய்தார். ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை. வீடியோவிலோ இரண்டு தோளும் காதை நோக்கி ஏறியிருந்தன, முழங்கைகள் விலாவை விட்டு அகன்றிருந்தன. மானிட்டர் உயரத்தில் இருந்ததால் முகவாயைத் தூக்கியபடியே நின்றார். கழுத்து முன்னே குனிவதைவிடப் பின்னே சாய்வதற்கு ரூலாவில் மதிப்பெண் அதிகம்.

"நான் நிற்கும் விதம்தான் சரியில்லை மேடம், திருத்திக்கொள்கிறேன்" என்றார்.

"நீங்கள் எதையும் திருத்த வேண்டாம் டாக்டர். முதலில் மேசையை இறக்குவோம்" என்றேன்.

அவருக்கு முன் பயிற்சி செய்தவர் நெட்டையானவர். மேசை அவர் உயரத்திலேயே இருந்தது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமானவை என்பதால் கைப்பிடி மேலே ஏறி நிற்கும். திறந்து செய்யும் அறுவை சிகிச்சையைவிட மேசை தாழ்வாக இருக்க வேண்டும். கைப்பிடி ஏறக்குறைய முழங்கை மட்டத்தில், மானிட்டர் நேரெதிரே கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. மேசையை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கினோம், போதாததற்குக் காலடியில் பலகை போட்டோம், மானிட்டரைத் தாழ்த்தினோம். மறுபடி எடுத்த வீடியோவில், யாரும் சொல்லாமலே தோள்கள் இறங்கியிருந்தன. கைப்பிடியின் அளவு மட்டும் எங்களால் மாற்ற முடியாதது. சிறிய கை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதனால் படும் பாடு தனிக்கதை.

இந்த மதிப்பெண்ணைத் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடுமையாக மறுத்தேன். மேசையின் குறைக்கு மாணவர் மதிப்பெண் இழப்பது அநியாயம். இப்போது முகத்தை மறைத்து, வீடியோவை அந்தந்த மாணவரிடமே கொடுத்துவிடுகிறோம்.

உண்மையான ஆபரேஷன் தியேட்டரில் இது இவ்வளவு எளிதல்ல. தொளதொளத்த கவுன் உடம்பை மூடிவிடுவதால் மென்பொருள் புள்ளிகளைத் தவறவிடுகிறது. ஒரே மேசையில் நெட்டையானவரும் குட்டையானவரும் சேர்ந்து நிற்கிறார்கள். ஆகவே "மேசையை இறக்குங்கள்" என்று தயங்காமல் கேட்கும் பழக்கம் பயிற்சியிலேயே வர வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் தியேட்டர்களில் இளையவர்கள் அப்படிக் கேட்க முடிகிறதா? கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களும் எழுதுங்கள்.