பிளாஸ்மா காட்டிய உளுந்து விதை: ஒன்றரை மடங்கு விலை கொடுக்கலாமா?

டைக்கூ உளுந்துக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பெகுவுக்கு வடக்கே டைக்கூ பக்கம் எங்கள் வயல். மழை நெல்லை அறுத்த கையோடு உளுந்து விதைக்கிற ஆட்கள் நாங்கள். நெல் விட்டுப்போன ஈரம்தான் எங்களுக்கு முதல். அது வற்றுவதற்குள் முளை மேலே வந்தாக வேண்டும், பிறகு மழையும் கிடையாது, பாய்ச்சத் தண்ணீரும் கிடையாது.

போன வாரம் ரங்கூன் தரகர் ஒருவர் ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். குளிர் பிளாஸ்மா காட்டிய விதையாம். மருந்துப் பூச்சும் இல்லை, சாயமும் இல்லை. அள்ளிப் பார்த்தால் நம் வீட்டு உளுந்துதான். விலை மட்டும் ஒன்றரை மடங்கு. சீக்கிரம் முளைக்கும், நாற்றழுகல் வராது, இலையை மஞ்சளாக்கும் மஞ்சள் தேமல் நோயும் அண்டாது என்று அடுக்கிக்கொண்டே போனார். என் அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, "இது விதையா, தாயத்தா?" என்றார்.

தம்பி வேறு கட்சி. இயந்திரத்தை நாமே செய்துவிடலாம் என்று பழைய நியான் விளக்குப் பலகையின் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறான். அதைப் பார்த்ததில் இருந்து அம்மா பால் கறக்கவே உள்ளே போக மறுக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ரங்கூன் பருப்பு மண்டி

அண்ணன், நான் வாங்கி விற்கிறவன். விளைந்த உளுந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறும்போது பருமன், ஈரம், தூசி, வண்டு இவற்றைத்தான் பார்ப்பார்கள். பிளாஸ்மா விதையில் விளைந்தது என்று யாரும் ஒரு கியாட் கூட்டித் தர மாட்டார்கள். லாபம் இருந்தால் அது உங்கள் வயலிலேயே தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மோல்மேன் லெட்சுமி

தம்பி, தாயத்து இல்லை. உண்மையான வித்தைதான். ஆனால் தரகர் சொன்னதில் பாதி விதைக்குச் சேர வேண்டியது, மீதி அவருடைய விலைக்குச் சேர வேண்டியது.

விதை முளைப்புப் பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இரண்டு உலோகத் தகடுகள், நடுவே ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் தகடு, சில மில்லிமீட்டர் காற்று. விதை அந்த இடைவெளியில் இருக்கும். இதன் மேல் பல ஆயிரம் வோல்ட் ஏற்றுகிறார்கள். சாதாரணக் காற்று மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட்டில் தாக்குப்பிடிக்காமல் மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடும். கண்ணாடி குறுக்கே இருப்பதால் ஒரே பொறியாக வெடிக்காமல் நூல் நூலாக ஊதா ஒளி ஓடும். இப்படி மின்சாரம் பாய்ந்து ஒளிரும் காற்றுதான் பிளாஸ்மா. ஓசோன் தயாரிக்க 1857இல் சீமென்ஸ் அமைத்ததும் இதே ஏற்பாடுதான். எலக்ட்ரான்கள் மட்டும் கொதிக்கும், காற்று அறை வெப்பத்திலேயே இருக்கும். அதனால்தான் குளிர் பிளாஸ்மா என்கிறார்கள், அதனால்தான் விதையும் வேகாமல் பிழைக்கிறது.

அந்த ஒளியில் பிறக்கும் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் விதைத் தோலின் மேல் மெழுகைத் தாக்கும். தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளையும் கொல்லும். இரண்டும் மேல்தோலின் வேலை. ஒரு விதையின் வெள்ளைக் கண் பக்கவாட்டில் இருக்கும்படி வைத்து, ஊசி முனையால் கறுப்புத் தோல் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாதாரண விதையில் பொட்டு உருண்டு நிற்கும். பிளாஸ்மா பட்ட விதையில் தட்டையாகப் படரும். தண்ணீர் அப்படி ஒட்டுவதால்தான் விதை விரைவாக ஊறுகிறது, முளையும் முந்துகிறது. தரகர் எதிரிலேயே செய்து பாருங்கள், அவர் முகமும் பாதி பதில் சொல்லும். இந்தக் குணம் நாளாக நாளாக மங்கும் என்பதால் எந்தத் தேதியில் காட்டியது என்றும் கேளுங்கள்.

மஞ்சள் தேமல் அண்டாது என்றது சுத்தக் கதை. அந்த வைரஸை வயலில் பரப்புவது வெள்ளை ஈ. விதைத் தோலில் செய்த வேலை, செடி இலை விட்ட பிறகு வந்து உட்காரும் ஈயை என்ன செய்யும்? நாற்றழுகல் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு, பூஞ்சை விதையோடு வந்திருந்தால். மண்ணில் இருந்து ஏறினால் கிடையாது. நெல்லில் விதையோடு வரும் பக்கானே நோய்க்கு எதிராகக் கொரியாவில் இதைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

அளவு தப்பினால் கெடுதலும் உண்டு. 2014இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் சோயா விதைக்கு 60 முதல் 120 வாட் வரை 15 விநாடி காட்டினார்கள். 80 வாட்டில்தான் பலன் அதிகம், அதற்கு மேலே ஏற்றியபோது அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் நீட்டினால் முளைக்கருவே அடிபடும். எத்தனை விநாடி, எந்த இயந்திரம் என்று சொல்லத் தெரியாதவரிடம் விதை வாங்காதீர்கள்.

இப்போது எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம். நம் பக்கத்து உளுந்து முளைக்காமல் போவதற்குத் தோலா காரணம்? மாசி, பங்குனியில் அறுத்ததைச் சாக்கில் கட்டி, முழு மழைக்காலமும் வீட்டு மூலையில் போட்டுவிட்டுக் கார்த்திகையில் அவிழ்க்கிறோம். கீழ் பர்மாவின் மழையில் அந்தச் சாக்கு குடிக்கும் ஈரம் உள்ளே இருக்கும் கருவைக் கிழமாக்கிவிடுகிறது. கிழத்துக்கு மேல்தோலில் பவுடர் போட்டு என்ன பயன்? விதை ஈரம் 5இல் இருந்து 14 சதவீதத்துக்குள் இருக்கும் வரை, ஒரு சதவீதம் குறைத்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்கு. பல்லில் வைத்தால் பதியாமல் டக்கென்று உடைகிற வரை காயவைத்து, காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். அந்தச் செலவு தரகர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வாங்கித்தான் பார்ப்பது என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: அதே மூட்டையில் பிளாஸ்மா காட்டாத விதை கொஞ்சம். உங்கள் பழைய விதையோடு ஒப்பிட்டால் அவர் விதை ஜெயிக்கத்தான் செய்யும். அது புதிதாக, பொறுக்கியதாக இருப்பதாலும் ஜெயிக்கலாமே! அந்த விதை இல்லை என்று கையை விரித்தால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுங்கள்.

தாட்டோன் எலக்ட்ரிக்

அக்கா விதையைப் பார்த்துக்கொள்வார். நான் கொட்டகையைப் பற்றிச் சொல்கிறேன். நியான் பலகை டிரான்ஸ்பார்மர் 15,000 வோல்ட் வரை தரும். 30 மில்லி ஆம்பியர்தானே என்று தம்பி சொல்வார். மார்பு வழியாகப் போனால் உயிருக்கு ஆபத்தாக அதுவே போதும். ஈரத் தரை, கட்டிப்போட்ட மாடு, சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வரும் மின்சாரம்! மின்சாரம் இல்லை என்று தகட்டில் கை வைத்திருக்கும் நேரத்தில் அது திரும்பி வரும். அப்படியே ஓடினாலும் மூடிய கொட்டகையில் ஓசோன் சேர்ந்து நெஞ்சை அறுக்கும். இடி விழுந்த பிறகு ஒரு காரமான வாடை வருமே, அது மூக்கில் ஏறினால் வெளியே வந்துவிட வேண்டும். இன்றைக்கே அதைக் கழற்றி விற்றுவிடச் சொல்லுங்கள். உங்கள் அம்மா செய்ததுதான் சரி.

டைக்கூ உளுந்துக்காரன்

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. டிரான்ஸ்பார்மர் வெளியே போய்விட்டது, தம்பி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. தரகர், காட்டாத விதையும் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அதனால் ஒரு கூடை மட்டும் எடுக்கிறேன். யேசின் வேளாண் ஆராய்ச்சித் துறை தயாரித்த வேர்முடிச்சு நுண்ணுயிர் (காற்றின் நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருவது) பொட்டலமும் கையில் இருக்கிறது. இந்த விதையோடு கலக்கலாமா?

மோல்மேன் லெட்சுமி

தாராளமாகக் கலக்கலாம். பிளாஸ்மா காட்டி முடிந்த விதை என்பதால் நுண்ணுயிருக்கு ஆபத்து இல்லை. கலந்த பிறகு காட்டியிருந்தால் செத்திருக்கும். ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதையுங்கள்.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு விதையிலும் நூறு நூறாக எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். கல் போல ஊறாமல் கிடப்பவற்றைத் தனியாக எழுதுங்கள், பிளாஸ்மாவின் வேலை அதில்தான் தெரியும். காட்டாத விதையே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முளைத்தால் கூட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. வயலில் மூன்றாவதாக ஒரு பாத்தியும் போடுங்கள். காட்டாத விதையை மூன்று மணி நேரம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தது. பிளாஸ்மாவுக்குச் சரியான போட்டி அதுதான், அதற்குச் செலவும் இல்லை. மூன்று பாத்தியையும் தனித்தனியாக அறுத்து எத்தனை வீசை என்று இங்கே எழுதுங்கள். அதுவரை அந்தத் தரகரிடம் அடுத்த வருடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.