காண்டாமிருக வண்டு: மருந்து குருத்துக்கா, எருக்குழிக்கா?

(மூவர் பேசிக்கொள்கிறார்கள்; தென்னந்தோப்பு, எருக்குழி, பச்சைப்பூஞ்சை என்பவை அவர்களின் புனைபெயர்கள்.)

தென்னந்தோப்பு: மூன்று வயதுத் தென்னம்பிள்ளைகளில் விரிகிற ஓலையெல்லாம் கத்தரித்த மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டு வருகிறது. குருத்தடியில் ஓட்டை, அதன் வாயில் மென்று தள்ளிய நார். மட்டை இடுக்கில் அந்துருண்டை வைத்தும் புது வண்டு வந்துகொண்டே இருக்கிறது. தோப்போரம் பழைய எருக்குவியல், பட்டுப்போன இரண்டு மரம். எங்கே தொடங்கலாம்?

எருக்குழி: குவியலில் தொடங்குங்கள். வண்டு ராத்திரியில் குருத்துக்கு வருவது சாறு குடிக்கத்தான். முட்டை வைப்பது மக்கிய சாணத்திலும் இற்றுப்போன தென்னந்தண்டிலும். முட்டை வண்டாக ஏறத்தாழ 6 மாதம். அவ்வளவு நாளும் அங்கேதான் வாசம். அதனால் குருத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் வரத்து நிற்காது.

குவியலை அடிவரை புரட்டுங்கள். வளைந்து கிடக்கும் அழுக்கு வெள்ளைப் புழு, தலை செம்பழுப்பு, தின்ற சாணம் தோல்வழியே தெரிவதால் பின்பக்கம் சாம்பல் நீலம்: அதுதான். பொறுக்கி அழியுங்கள், மீதியைக் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். எருவை 2 மாதத்துக்கு ஒருமுறை வயலுக்கு அடித்துவிட்டால் புழு வண்டாகவே முடியாது. பட்ட மரத்தை வெட்டிச் சாய்த்து விட்டுவிடாதீர்கள், தண்டு இற்றதும் முட்டை வைத்துவிடும். அடிக்கட்டையோடு பிளந்து எரியுங்கள்.

பச்சைப்பூஞ்சை: எருவைக் காலி செய்ய முடியாதவர்களுக்கு மெட்டாரைசியம், புழுவைக் கொல்லும் பச்சைப்பூஞ்சை. தண்ணீரில் கலந்து குவியலுக்குள் இறங்கும்படி ஊற்றி, மேலே ஓலை மூடி, ஈரம் காயாமல் வையுங்கள். பலர் காய்ந்த குவியலின் மேல் வெயிலில் தெளித்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். வெயிலில் வித்து செத்துவிடும், ஈரமில்லாமல் முளைக்காது. பிடித்தால் புழு விறைத்து, மேலே பச்சைப் பொடி படரும். அந்தப் புழுவை எடுக்காதீர்கள், மற்றதற்கும் பரவட்டும்.

தென்னந்தோப்பு: வாசனை காட்டி வண்டை வாளியில் விழவைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைப் பிள்ளைகளுக்கு நடுவில் கட்டலாமா அண்ணா?

எருக்குழி: கூடாது தம்பி. வாசனைக்கு வருகிற வண்டெல்லாம் வாளியில் விழாது, பக்கத்துக் குருத்தில் உட்காரும். 5 ஏக்கருக்கு ஒன்று போதும், தோப்போரத்தில் கட்டுங்கள். குருத்துக்கு: வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு, மரத்துக்கு 150 கிராம், உள்ளிருக்கும் 3 மட்டை இடுக்கில். அந்துருண்டை என்றால் மரத்துக்கு 3, மேலே மணல் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெயிலில் அது கரைந்து காற்றோடு போய்விடும்.

ஓட்டைக்குள் இருக்கும் வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி இழுத்ததும் அதே வேப்பந்தூள் மணலால் ஓட்டையை அடைத்துவிடுங்கள். திறந்த காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். அது மரத்துக்குள்ளேயே முட்டை வைக்கும்; மரம் பிழைப்பது கஷ்டம்.