பட்டறைக் கட்டடம் (குடும்பம்): சனிக்கிழமை வேலை

தேவி அக்கா, 7:42
பட்டறையை இடிக்க ஆள் பேசியாச்சு. சனிக்கிழமை பாய்லர் ரூம் பைப்பை எல்லாம் அறுத்து எடுத்துட்டு, அடுத்த வாரம் கூரை ஷீட்டை ஜேசிபி வச்சுத் தள்ளிடுறேங்கிறார். எல்லாருக்கும் சம்மதம்தானே?

செந்தில், 7:50
வேண்டாம்க்கா, சனிக்கிழமை வேலையை நிறுத்துங்க. கூரையை விட பாய்லர் ரூம்தான் ஆபத்து. சிமெண்ட் ஷீட்ல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பொதுவா 10–15 சதவீதம், அதுவும் சிமெண்ட்ல இறுகிக் கிடக்கும். பைப் மேல சூடு போகாம இருக்கச் சுத்தியிருக்கிற உறை, அந்த லேகிங் அப்படி இல்ல. பாதிக்கு மேலயே கல்நாரா இருக்கலாம், விரல் பட்டாலே உதிரும். கட்டர் வச்சா அந்த ரூம் காத்து முழுக்க நார் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கா கீழ இறங்காது.

பாஸ்கர் மாமா, 7:58
தொடாம விட்டா ஒண்ணும் பண்ணாதுன்னுதானே சொல்வாங்க? இத்தனை வருஷம் பூட்டித்தானே கிடந்துச்சு.

செந்தில், 8:04
ஆள் புழங்கி, பழுது பார்த்துட்டு இருக்கிற கட்டடத்துக்கு அது சரி மாமா. பூட்டிப் போட்டது அப்படியே இருக்காது. கூரைக் கால்வாய் அடைச்சு தண்ணி உள்ள இறங்கும். சீலிங் போர்டு ஊறித் தொங்கும், காஞ்சதும் விளிம்பு பொடியாகும். அந்த போர்டுல பழுப்புக் கல்நார் இருந்தா ஷீட்டை விட பல மடங்கு மோசம். செம்பு திருட வர்றவன் லேகிங்கைக் கிழிச்சுத் தரையில போட்டுட்டுப் போவான், அடுத்து வர்றவன் அதை மிதிச்சுட்டு நடப்பான். தீ பிடிச்சா சிமெண்ட் ஷீட் வெடிச்சு, துண்டு அக்கம்பக்கத்து வளாகத்துல எல்லாம் போய் விழும்.

கார்த்தி, 8:09
இந்தியால இன்னும் புது ஷீட்டே விக்கிறாங்க. இங்க பிரிட்டன்ல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

கலா அண்ணி, 8:15
விக்கிறதால அது பாதுகாப்புன்னு ஆயிடாது கார்த்தி. கல்நார்ல மூணு வகை. பிரிட்டன்ல நீலமும் பழுப்பும் 1985-ல தடை, வெள்ளை 1999-ல. மூணுமே புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது. நோய் வெளிய தெரிய 15 வருஷத்துல இருந்து 60 வருஷம் வரைக்கும் ஆகலாம். அதனாலதான் அன்னைக்கு ஒண்ணும் ஆகலையேன்னு எல்லாரும் நம்பிடுறாங்க. 2000-க்கு முன்னாடி கட்டின எந்தக் கட்டடத்துலயும் இருக்கும்னு வச்சுத்தான் ஆரம்பிக்கணும்.

பாஸ்கர் மாமா, 8:18
சரிம்மா. சட்டப்படி இது யார் தலையில விடியும்? நாமளா, குத்தகைக்கு எடுத்தவரா?

கலா அண்ணி, 8:27
2012 கல்நார் கட்டுப்பாட்டு விதிகள்ல 4-ஆவது விதி இதைத்தான் சொல்லுது. ஒப்பந்தப்படி பழுது பார்க்கிற பொறுப்பு யாருக்கோ அவங்கதான் பொறுப்பாளி. அப்படி ஒப்பந்தமே இல்லைன்னா, கட்டடம் யார் கட்டுப்பாட்டுல இருக்கோ அவங்க. குத்தகை முடிஞ்சு சாவி நம்ம கைக்கு வந்தாச்சு, அதனால இப்ப நாமதான். உள்ள யாரும் இல்லைங்கிறது விலக்கு இல்ல.

செய்ய வேண்டியது இதுதான்: எங்க இருக்குன்னு தேடணும், என்ன நிலைமையில இருக்குன்னு எழுதணும், எப்படிக் கையாளப் போறோம்னு திட்டம் வைக்கணும். அதைத் தொட வாய்ப்பிருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும். எலக்ட்ரீஷியன், இடிக்கிறவர், தீயணைப்புக்காரங்க எல்லாரும் இதுல வருவாங்க. ‘எனக்குத் தெரியாது’ எடுபடாது. அளவில்லாத அபராதம், 2 வருஷம் வரைக்கும் சிறைன்னு சட்டத்துல இருக்கு.

தேவி அக்கா, 8:31
முன்னாடி குத்தகைக்காரர் எடுத்த கல்நார் சர்வே ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கே, அது போதாதா?

செந்தில், 8:40
அது மேலாண்மை சர்வே. கண்ணுக்குத் தெரியிற இடத்தை மட்டும் பார்த்திருப்பாங்க. கடைசிப் பக்கத்துல ‘அணுக முடியவில்லை’ன்னு ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க, அது எல்லாத்தையும் கல்நார் இருக்கிற இடமாத்தான் எடுத்துக்கணும். இடிக்கிறதுக்கு முன்னாடி இடிப்பு சர்வே கட்டாயம். சுவரைத் திறந்து, தரையைக் கிளப்பி, டக்ட்டுக்குள்ள எல்லாம் பார்ப்பாங்க. கட்டடம் காலியா இருக்கிறப்பதான் அதைச் செய்ய முடியும், அந்த விதத்துல நமக்கு வசதி.

கார்த்தி, 8:43
ஒரு துண்டு உடைச்சு நானே லேப்புக்கு அனுப்பட்டுமா?

செந்தில், 8:52
வேண்டாம்டா, சர்வேயர் எடுக்கட்டும். உடைக்கிறதுதான் ஆபத்தே. அவங்க அந்த இடத்துல சோப்புத் தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, முழு ஆழத்துக்கும் சின்னத் துண்டு எடுப்பாங்க. மேல் பூச்சுல இல்லாம அடியில மட்டும் இருக்கலாம், அதான் முழு ஆழம். ரெண்டு பைக்குள்ள போட்டு, எண் எழுதி, ஓட்டையை டேப் வச்சு அடைச்சு, வரைபடத்துல குறிப்பாங்க. லேப்ல மைக்ராஸ்கோப் வச்சுத்தான் வகை தெரியும். நிறத்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது.

பாஸ்கர் மாமா, 8:55
கூரையை ஜேசிபி வச்சுத் தள்ளினா என்ன ஆகும்?

செந்தில், 9:08
உடைஞ்ச ஷீட் மண்ணோட கலந்துடும். அப்புறம் செங்கல், மண் எல்லாத்தையும் சேர்த்து அபாயக் கழிவாத்தான் அள்ளணும், செலவு எங்கயோ போயிடும். பயிற்சி எடுத்த ஆட்கள், கீழ இருந்து ஏற்றும் மேடையில நின்னு, போல்ட்டை வெட்டி, நனைச்சு நனைச்சு முழு ஷீட்டா இறக்கணும். தூக்கி எறியக் கூடாது. 1000 கேஜ் தடிமன் பாலிதீன்ல சுத்தி, லேபிள் ஒட்டணும். ஷீட் மேல யாரும் கால் வைக்கக் கூடாது, பழசு ஆள் கனம் தாங்காது. கல்நார் வேலையில உடனே உயிர் போறது நாரால இல்ல, கூரை உடைஞ்சு விழுறதால.

துடைப்பம், வீட்டு வாக்குவம், பாசி கழுவுற பிரஷர் வாஷர் மூணும் கூடாது. வாக்குவம் நாரைப் பின்பக்கமா வெளிய தள்ளிடும். அபாயத் தூசிக்குன்னே இருக்கிற எச் வகை வாக்குவம்தான். மாஸ்க் நுண்தூசியை வடிகட்டுற எஃப்எஃப்பி3, அவரவர் முகத்துக்குப் பொருந்துதான்னு சோதிச்சது. தாடி இருந்தா ஓரம் ஒட்டாது, போட்டும் பயன் இல்ல.

தேவி அக்கா, 9:11
அப்ப பாய்லர் ரூம்?

கலா அண்ணி, 9:19
உரிமம் உள்ள நிறுவனம் மட்டும்தான் அந்த லேகிங்ல கை வைக்கலாம். ஆரம்பிக்க 14 நாளுக்கு முன்னாடி அதிகாரிகளுக்கு அறிவிக்கணும். வேலை நடக்கிற இடத்தைப் பாலிதீன்ல அடைச்சு, உள்காத்தை ஃபில்டர் வழியா உறிஞ்சிட்டே வேலை நடக்கும். முடிஞ்சதும் காத்துல ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 நாருக்குக் கீழ இருக்கணும், அப்பதான் சான்றிதழ். அந்தச் சோதனைக்கு ஆளை நாமளே தனியா நியமிப்போம், வேலை செஞ்சவங்க கூட்டிட்டு வர்றவர் வேண்டாம். கழிவு போன ரசீதையும் சான்றிதழையும் தூக்கிப் போட்டுடாதீங்க, இடத்தை வாங்குறவர் வக்கீல் முதல்ல அதைத்தான் கேப்பார்.

தேவி அக்கா, 9:24
சரி, இடிக்கிறவருக்கு இப்பவே சொல்லிடுறேன். அவர்கிட்ட ஒரு சாவி இருக்கு, வாங்கிடுறேன்.

செந்தில், 9:27
எழுத்துல அனுப்புங்கக்கா, பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து. பின்பக்க ஜன்னலைப் பலகை அடிச்சு மூடணும். அதை வெளிய இருந்தே செய்யச் சொல்லுங்க, யாரும் உள்ள போக வேண்டாம்.

கார்த்தி, 9:29
சர்வேக்கு கரண்ட் வேணுமா அண்ணா? மெயினைப் போட்டு வைக்கவா?

செந்தில், 9:31
தேவையில்ல, டார்ச் கொண்டு வருவாங்க. அந்தப் பழைய ஃபியூஸ் போர்டையும் திறக்காத, அதுக்குள்ளயும் கல்நார் அட்டை இருக்கலாம்.