புதுப்பிப்பு: 5எக்ஸ்ஒய் எப்படி ஓருறுப்பு?
போன வாரம் கேட்டிருந்தேனே: 5, எக்ஸ், ஒய் என்று மூன்று இருக்க, 5எக்ஸ்ஒய் மட்டும் எப்படி ஓருறுப்புக் கோவை (ஒரே உறுப்பு உள்ள இயற்கணிதக் கோவை) என்று மகள் மடக்கினாள் என்று. நீங்கள் சொன்னபடியே, பெருக்கல் ஒட்டும், கூட்டலும் கழித்தலும் வெட்டும் என்றேன். நோட்டில் + வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள். 4எக்ஸ் + 7 இரண்டானது, 5எக்ஸ்ஒய் அசையவில்லை. பிடித்துக்கொண்டாள்!

வெறும் 9-உம் ஓருறுப்புதான் என்பதற்குக்கூட முணுமுணுக்கவில்லை. மாட்டிக்கொண்டது 3-ஐ எக்ஸால் வகுக்கும் கோவையில். "கோடு போட இடமே இல்லையேப்பா?" என்கிறாள். எக்ஸ் பகுதிக்கு, அதாவது பின்னத்தின் கீழ்ப்பக்கத்துக்குப் போனால் அடுக்கு −1. ஓருறுப்பில் அடுக்கு 0, 1, 2 என்றுதான் வரலாம், அதனால் இது ஓருறுப்பு இல்லை. எக்ஸை 3-ஆல் வகுத்தால் பரவாயில்லை, கெழுதான் (எக்ஸைப் பெருக்கும் எண்) பின்னம். −1 போன்ற குறை அடுக்கு அவள் இன்னும் படிக்கவில்லை. "எக்ஸ் கீழே போகக்கூடாது" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.